திமிங்கலம் தேவையில்லை... ஆனா தூத்துக்குடி வெயில்ல இந்த ஸ்வீட் பெர்ஃப்யூம் தாங்குமா?

2023 மே மாதம் தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் வருவாய் புலனாய்வுத் துறையினர் ஒரு காரை மடக்கினார்கள். சிக்கியது 18.1 கிலோ அம்பர் கிரீஸ். மதிப்பு 31 கோடி ரூபாய்க்கு மேல். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள் அது. நம்ம செய்திகளில் 'திமிங்கல வாந்தி'ன்னே பேர் ஆகிடுச்சு. இந்தியாவில் இதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அப்புறம் ஏன் இவ்வளவு ரிஸ்க்? வாசனையைத் தோலில் பிடித்து நிறுத்தும் அதன் குணத்துக்காகத்தான்.

சரி, நீங்க ஆன்லைன்ல வாங்கின பாட்டில்லயும் 'ஆம்பர்'னு போட்டிருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா? இல்லவே இல்ல. பெர்ஃப்யூம் பாஷையில் ஆம்பர் என்பது பெரும்பாலும் லேப்டானம் பிசின், வெனிலா, பென்சாயின் சேர்ந்த கலவை. பென்சாயின்னா ஏதோ ஃபாரின் சரக்குன்னு நினைக்காதீங்க, வெள்ளிக்கிழமை வீட்டுல புகை போடுற சாம்பிராணிதான். அம்பர் கிரீஸின் வேலையை இப்போ அம்ப்ராக்ஸான் மாதிரி மூலக்கூறுகள் பார்த்துக்குது. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்தே அதைத் தயாரிக்கலாம். நாள் முழுக்க நிற்கிற வாசனை மூவாயிரம் ரூபாய் சுமாருக்கு இறங்கி வந்தது இப்படித்தான்.

அந்த விலையில் இப்போ பசங்க அதிகம் பேசுறது, அமீரகத்தின் லத்தாஃபா நிறுவனம் 2022-ல் இறக்கிய 'கம்ரா'. பலமடங்கு விலையுள்ள கிலியானின் 'ஏஞ்சல்ஸ் ஷேர்' சாயல் இதில் இருக்குன்னு ரசிகர்கள் சொல்றாங்க. சாயல் இருந்தா கேஸ் போட முடியாதா? வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாதுன்னு பெர்ஃப்யூமின் தாய்வீடான பிரான்ஸின் உச்ச நீதிமன்றமே 2006-ல் சொல்லிடுச்சு.

அடிச்சதும் பட்டை, ஜாதிக்காய். கொஞ்ச நேரத்தில் பேரீச்சை, ப்ராலின். (ப்ராலின் கிட்டத்தட்ட நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குச் சொந்தக்காரன்.) கடைசியில் வெனிலாவும் சாம்பிராணியும் மணிக்கணக்கில் நிற்கும். இப்படிச் சாப்பிடத் தோணுற வாசனைக்கு 'குர்மான்' என்று பெயர். 1992-ல் வந்த முக்லரின் 'ஏஞ்சல்'தான் இந்த ரகத்தைப் பெரிசா கிளப்பிவிட்டது.

ஆனா யூடியூப் ரிவியூக்கள்ல பாதி, குளிர் ஊரில் ஸ்வெட்டர் போட்டவங்க சொல்றது. நமக்கு உப்புக்காத்து, பிசுபிசுப்பு, காயாத வியர்வை. சூடு கூடக்கூட வாசனை மொத்தமா எழும்பும். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் நாலு ஸ்ப்ரேயோட உட்கார்ந்தா, அது மக்ரூன் டப்பாவுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரரையும் சேர்த்து அடைச்சு வைக்கிற கதை. உங்க மூக்கு அரை மணியில் பழகிடும். 'வாசனை போயிருச்சே'ன்னு திரும்ப அடிப்பீங்க. அவருக்குத்தான் தலைவலி.

என் கணக்கு இதுதான்: பகலில் வேண்டாம். சூரியன் இறங்கினதும், குளிச்சு நல்லாத் துடைச்சிட்டு, சட்டைக்குள்ள நெஞ்சில் ஒண்ணு, பின்கழுத்தில் ஒண்ணு. ஏ.சி ஆபீஸ்னா ஒண்ணே தாராளம். பனிமய மாதா தேர்க்கூட்டத்துக்கு அதுகூட வேண்டாம். எண்ணூறு ரூபாய்க்கு 'ஒரிஜினல்'னு யாராவது நீட்டினா நகர்ந்துடுங்க. வெள்ளைச் சட்டையில் நேரா அடிக்காதீங்க, வெனிலின் நாளாக நாளாகப் பழுப்பேறும் பொருள். காலருக்கு உள்பக்கம் அடிச்சா கறை விழுந்தாலும் வெளியே தெரியாது.