ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு

நம் சங்கத்து அன்பர் ஒருவர், பேரனுக்காக வாங்கிய மாதிரி நீராவி எஞ்சினில் ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். ஓசை எழுகிறது, ஆயினும் எஞ்சின் ஊர்ந்து செல்லும்போதே மெயில் வண்டிபோல் இரைகிறதாம். ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்த அவருடைய தமையனார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது எஞ்சின் இல்லையடா, தையல் மிஷின்" என்று கூறி எழுந்து போய்விட்டாராம். பிழை எங்கே என்று அன்பர் வினவுகிறார்.

தமையனார் சொன்னது சரியே. இத்தகைய கருவி, மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கொண்டு வேகத்தை ஊகிக்கிறது. ஏற்றத்தில் சக்கரம் தளர்ந்தாலும் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். ஊகம் பொய்த்துப் போகும். சக்கரமே ஓசையை எழுப்புமாறு செய்தல் வேண்டும்.

அசல் எஞ்சினில் நிகழ்வது யாது? பெரும்பாலானவற்றிற்குச் சிலிண்டர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நீராவி பிஸ்டனை இருபுறமும் மாறி மாறித் தள்ளுகிறது. வலப்பக்கத்துக் கிராங்கும் இடப்பக்கத்துக் கிராங்கும் கால் சுற்று விலகி நிற்பவை. ஆகவே இயக்குசக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் புகைபோக்கி நான்கு முறை மூச்சு விடும். 1947-இல் நம் நாட்டிற்கு வந்த டபிள்யூ.பி. எஞ்சினின் இயக்குசக்கரம் ஏறத்தாழ 1.7 மீட்டர் விட்டமுடையது, அது 1.3 மீட்டர் நகர்வதற்கு ஒரு மூச்சு. அகலப் பாதையில் நீராவி வண்டிகள் 1995-இல் ஓய்ந்துவிட்டன. அவற்றோடு வாழ்ந்த காது அந்தக் கணக்கை மறக்குமா?

செய்யவேண்டியது இது. சிறிய பிளாஸ்டிக் வட்டு ஒன்றின் விளிம்பில் நான்கு சிறு காந்தங்களைக் கால் சுற்றுக்கு ஒன்றாகப் பதித்து, இயக்குசக்கரத்தின் அச்சில் ஏற்றுங்கள். அச்சின்மீதே ஒட்டலாம் என்பர் சிலர். மெல்லிய அச்சானால் காந்தங்கள் நெருங்கிவிடும், ஸ்விட்ச் பிரியாமலே நிற்கும். வட்டின் அருகே 'ரீட் ஸ்விட்ச்' ஒன்றை அமையுங்கள். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அவ்வளவே. காந்தம் அணுகினால் சேரும், அகன்றால் பிரியும். அதன் இரு முனைகளையும் ஒலிக்கருவியின் தூண்டுமுனைகளில் இணைத்துவிட்டால், சேரும்போதெல்லாம் ஒரு மூச்சு ஒலிக்கும்.

குழலின் கம்பியை வளைக்கும்போது, கண்ணாடியை ஒட்டிய பகுதியைக் குறட்டால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று குழல்களை உடைத்த பின்னரே எனக்கு இது விளங்கிற்று. மோட்டாரிலும் காந்தம் உண்டாதலின், ஸ்விட்சை அதனருகே வைக்கலாகாது.

பொருத்தியபின் எஞ்சினைக் கையால் மெல்ல உருட்டி, ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் தமையனாரை மறுபடி அழைக்கலாம்.