வெளுத்த படகுக்கு மீண்டும் ஒளி



பொத்தேரியினின்று வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் சாலை வழியே கிழக்கே போனால் கோவளத்தை அடையலாம். அங்கு 1808-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கார்மேல் அன்னை ஆலயத்தைத் தரிசிக்கச் செல்வோர், மணலில் கிடக்கும் ஃபைபர் படகுகளையும் கண்டிருப்பர். புதிதில் கண்ணாடிபோல் மின்னிய அவை, சில ஆண்டுகளில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிடுகின்றன. தொட்டால் கையில் வெண்பொடி ஒட்டும். உப்பென்று எண்ணிக் கழுவுவோர் பலர். அது உப்பன்று, படகின் தோலே பொடியாகி உதிர்கிறது.

நம் முன்னோர் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்துவர். நீரில் ஊறிய மரத்துக்கு வெயில் மருந்து. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. ஆயினும் பழைய வழக்கப்படியே அவற்றையும் வெயிலில் போட்டு வைக்கிறோம். கட்டுமரத்துக்கு மருந்தான அதே வெயில் இவற்றுக்கு நோயாகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, ‘ஜெல்கோட்’ எனப்படும் மேற்பூச்சைச் சிதைக்கின்றன. இப்பூச்சின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. இதுவே உள்ளிருக்கும் கண்ணாடியிழைக்குள் நீர் புகாது காக்கும் கவசம்.

ஆகவே, மெருகேற்றுமுன் சோதித்தறிக. வெளுத்த இடத்தை நீரால் நனையுங்கள். நனைந்தபோது பழைய நிறம் தெரிந்து, காய்ந்ததும் மறைந்தால், கேடு மேலோடு நின்றது எனக் கொள்ளலாம். வெடிப்போ கொப்புளமோ இருப்பின், படகு கட்டுவோரிடம் காட்டிச் சீர்செய்த பின்னரே மற்ற வேலை.

படகை நிழலுக்கு நகர்த்தி, நன்னீராலும் சோப்பாலும் கழுவி உலர்த்துங்கள். வெளுப்பு இலேசாயின் ‘ரப்பிங் காம்பவுண்டு’ மட்டுமே போதும். மென்துணியில் எடுத்து, சிறு சிறு பகுதியாகத் தேயுங்கள். வெளுப்பு மிகுதியாயின், முதலில் 1000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து மெதுவாய்த் தேய்த்து, அடுத்து 1500, பின்னர் 2000 எனச் செல்க, அதன்பின் காம்பவுண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தல் ஆகாது. எழும் தூள் நெஞ்சுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பதிவு எண் எழுதிய இடத்தைத் தொடாதிருங்கள்.

இறுதியாக மெழுகுப் பாலிஷ் பூசித் துடைத்தால் ஒளி திரும்பும். மெழுகு வெளிப்புறத்துக்கே உரியது. உள்தளத்தில் பூசினால் கால் வழுக்கும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

ஒன்றை மறவாதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லிமீட்டரில் சிறிது கரைப்பதே. அழகுக்கென்று ஆண்டுதோறும் தேய்த்தால், ஒருநாள் இழை வெளியே தெரியும், கவசம் போய்விடும். எனவே நிறம் தெளிந்தவுடன் கையை நிறுத்துங்கள். அதன்பின் சில மாதங்களுக்கொருமுறை மெழுகு மட்டும் பூசி வந்தால் போதும். கரையேற்றிய படகின்மேல் தென்னங்கீற்றையோ தார்ப்பாயையோ போட்டு மூடுங்கள். கீற்றுக்கு ஆகும் செலவு சிறிது. அது காப்பதோ ஒரு குடும்பத்தின் பிழைப்பு.