யானை இல்லை, புலி இல்லை... காட்டுயிர் கேமராக்கள் கொல்லிமலைக்கு வருமா? வந்தால் யாருக்கு லாபம்?

செல்போனைத் திறந்தாலே ஏதாவது ஒரு காட்டுயிர் வீடியோ வந்து நிற்கிறது. பாம்புக் கூட்டத்திடம் இருந்து தப்பி ஓடும் இகுவானா குஞ்சு, பனிமலையில் நடக்கும் பனிச்சிறுத்தை, மும்பை தெருவில் பன்றி வேட்டையாடும் சிறுத்தை. பிபிசியின் 'பிளானெட் எர்த்', நெட்ஃபிளிக்ஸின் 'அவர் பிளானெட்' போன்ற தொடர்களில் வந்த காட்சிகள்தான் துண்டு துண்டாக ரீல்ஸில் சுற்றுகின்றன.

இதையெல்லாம் பார்க்கும்போது உலகத்தில் இருக்கிற அத்தனை காடும் மலையும் கேமராவுக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கும் வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவர் இந்தத் தொடர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு கேள்வி வரும். நம்ம மலை மாதிரி ஒரு இடம் இதில் எங்கே இருக்கு?

கேள்வி சின்னதுதான். ஆனால், எந்தக் காடு திரையில் தெரிகிறதோ அந்தக் காட்டுக்குத்தான் பணமும் பாதுகாப்பும் கூட்டமும் போய்ச் சேர்கிறது. அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காட்டுயிர் தொடர் எப்படி எடுக்கிறார்கள்?

டேவிட் அட்டன்பரோ குரலில் 2006-ல் வந்த 'பிளானெட் எர்த்' தொடருக்கு மொத்தம் 11 பகுதிகள். உயர்தர ஹெச்.டி. தரத்தில் பிபிசி படமாக்கிய முதல் இயற்கைத் தொடர் இது. 2016-ல் வந்த இரண்டாவது தொடரில் 6 பகுதிகள். தீவுகள், மலைகள், மழைக்காடுகள், பாலைவனங்கள், புல்வெளிகள், நகரங்கள் என்று பிரித்திருந்தார்கள். இந்த 6 பகுதிகளுக்காக 40 நாடுகளில், 2,000 நாட்களுக்கு மேல் படப்பிடிப்பு நடந்தது. 2023-ல் மூன்றாவது தொடரும் வந்துவிட்டது.

இவ்வளவு செலவு செய்பவர்கள், விலங்கு கண்ணில் படும் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத்தான் போவார்கள். வண்டி போகப் பாதை இருக்க வேண்டும். விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் இடம் தெரிய வேண்டும். உலகம் முழுக்க அடையாளம் தெரிந்த யானை, புலி, சிறுத்தை இருந்தால் இன்னும் நல்லது. கபினி, பந்திப்பூர், முதுமலை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

திரையில் தெரிவது எல்லாமே அப்படியே நடந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த இகுவானா குஞ்சு துரத்தல் காட்சி, வெவ்வேறு குஞ்சுகளை எடுத்த ஷாட்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று அந்தப் பகுதியின் தயாரிப்பாளரே பின்னால் சொன்னார். 2011-ல் வந்த 'ஃப்ரோசன் பிளானெட்' தொடரில் காட்டப்பட்ட பனிக்கரடிக் குட்டிகள், விலங்குக் காட்சி சாலையில் படமாக்கப்பட்டவை என்பது பெரிய சர்ச்சையானது. காலடிச் சத்தம், இறக்கை அடிக்கும் சத்தம் பலவும் பிறகு ஸ்டுடியோவில் சேர்க்கப்படுபவை.

இதனால் மொத்தமும் பொய் என்று ஆகிவிடாது. ஆனால், காட்டுயிர் தொடர் என்பது காட்டின் நேரலை கிடையாது. எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்த கதை அது.

சரி, அப்போ கொல்லிமலையில் என்னதான் இருக்கு?

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேலே ஊர்கள் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மலைமேல் உள்ள பகுதிகளை 'நாடு' என்றே அழைக்கிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு நாடு. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

இந்த மலையின் அமைப்பே வித்தியாசமானது. மேலே மேடும் பள்ளமுமாக வயல், காபி, மிளகு, வாழை, பலா, மரவள்ளி. சுற்றிலும் இறங்கும் செங்குத்துச் சரிவுகளில் காடு. நடுவில் அங்கங்கே சாமிக்கு விட்ட கோயில் காடுகள். எது காடு, எது ஊர் என்று ஒரே கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பிபிசி பிரித்த அந்த 6 பெட்டிகளில் எதிலும் கொல்லிமலை சரியாக உட்காராது.

யானையும் புலியும் ஒரு காலத்தில் இங்கே பேசப்பட்டவைதான். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் சொல்கிறது. புலவரின் புகழ்ச்சி அது என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலத்தில் கொல்லிமலைத் தலைவனைப் பாடும்போது எந்தெந்த விலங்குகள் நினைவுக்கு வந்தன என்பதற்கு அது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் முதல் இரண்டு விலங்குகளும் இன்று கொல்லிமலையில் நிலையாக வாழ்வதில்லை.

கரடி இருக்கிறது. கரையான் புற்றைத் தோண்டும், பலா பழுத்தால் தோட்டம் வரை வரும். ஊர்க்காரர்களுக்குக் கரடி பயம் உண்டு. 2019-ல் இந்த மலையில் இருந்து ஒரு பல்லி இனம் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயரிலேயே மலையின் பெயர் இருக்கிறது: ஹெமிடாக்டிலஸ் கொல்லியென்சிஸ். இவ்வளவு காலம் மனிதர்கள் வாழ்ந்த மலையில், சமீபத்தில்தான் ஒரு உயிரினத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால், இன்னும் பதிவாகாதது எவ்வளவு இருக்கும்?

ஆனால், ராத்திரியில் பாறையில் ஊரும் பல்லிக்காக ஒரு ஓடிடி நிறுவனம் கோடிக்கணக்கில் செலவு செய்யுமா? சிரமம்தான்.

திரையில் வந்தால் என்ன நடக்கும்? முதுமலை சொல்லும் பாடம்

கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற குட்டி யானைகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கியது.

அதன்பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய், அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏப்ரல் மாதம் பிரதமர் தெப்பக்காடு வந்தார். சுற்றுலாப் பயணிகள் முகாமுக்குக் குவிந்தார்கள். பல ஆண்டுகளாக யானைகளோடு வாழ்ந்தும் கண்டுகொள்ளப்படாத மாவுத்தர்கள், காவடிகள் பக்கம் நாடே திரும்பிப் பார்த்தது. இது திரையின் பலம்.

அதே 2023-ல் இன்னொரு பக்கமும் வெளியே வந்தது. சொன்னபடி தங்களுக்கு உதவி வரவில்லை என்று படத்தில் நடித்த தம்பதி தரப்பில் குற்றச்சாட்டு எழுந்தது. படக்குழு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற விவாதத்தைத் தாண்டி, ஒரு விஷயம் தெளிவானது. படம் எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் தமிழில், மக்களுக்குப் புரியும்படி எழுதி வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதுதான் அது.

பார்த்தால் மட்டும் காடு பிழைக்குமா?

'பிளானெட் எர்த் 2' ஒளிபரப்பான சமயத்தில் ட்விட்டர், விக்கிபீடியா தரவுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள் சுவாரஸ்யமான ஒன்றைக் கண்டார்கள். தொடரில் தோன்றிய விலங்குகளைப் பற்றி மக்கள் தேடுவது நன்றாகக் கூடியது. ஆனால், அது பாதுகாப்பு அமைப்புகளுக்கான நன்கொடையாக மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது லைக் வந்தது, காசு வரவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த காட்டுயிர் திரைப்படக் கலைஞர் சேகர் தத்தாத்ரி, கர்நாடகாவின் குதுரேமுக் மலையில் இரும்புத்தாதுச் சுரங்கம் செய்யும் பாதிப்பைப் பற்றி 2001-ல் ஒரு குறும்படம் எடுத்தார். ஓடும் நேரம் சில நிமிடங்கள்தான். பெரிய சேனலுக்காக எடுத்ததும் இல்லை. சுரங்கத்துக்கு எதிரான சட்டப் போராட்டத்தில் அந்தப் படம் கைகொடுத்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 இறுதியோடு அங்கே சுரங்கம் நின்றது.

கொல்லிமலைக்கும் சுரங்க அனுபவம் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக 2000-களின் இறுதி வரை இங்கே பாக்சைட் தோண்டப்பட்டது. அந்த வகையில், கோடிப் பேர் பார்க்கும் ஒரு தொடரை விட, பார்க்க வேண்டிய பத்துப் பேர் பார்க்கும் ஒரு சின்னப் படம் மலைக்கு அதிகமாக உதவக்கூடும்.

மனுஷன் இல்லாத காடா?

உலகத் தொடர்களின் மீது நீண்டகாலமாக ஒரு விமர்சனம் உண்டு. கேமரா கோணத்தில் ஊரோ, வயலோ, ரோடோ வராமல் பார்த்துக்கொள்வார்கள். பார்க்கிறவருக்கு அது ஆள் நடமாட்டமே இல்லாத காடு என்று தோன்றும். அந்தப் பார்வை பழகிவிட்டால், காட்டில் வாழும் மக்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள் என்று எண்ணுவது சுலபமாகிவிடும்.

தமிழ் மரபு நிலத்தைப் பார்த்த விதம் வேறு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. குறிஞ்சி என்றால் மலை மட்டும் இல்லை, மலையில் தினை விதைக்கிறவரும் சேர்த்துத்தான். கல்யாண் வர்மா இயக்கி, அரவிந்த்சாமி குரல் கொடுத்து 2025-ல் வெளியான 'வைல்ட் தமிழ்நாடு' ஆவணப்படம் இந்த ஐந்திணைப் பகுப்பைக் கையில் எடுத்தது. நம் நிலத்தை நம் பெயர்களால் சொல்லும் முயற்சி என்ற அளவில் இது முக்கியமான திருப்பம்.

கொல்லிமலைக்கு இந்தப் பார்வைதான் பொருந்தும். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த இந்த மலையில், சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வந்த பிறகு சிறுதானியப் பரப்பு வெகுவாகக் குறைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே விவசாயிகளோடு சேர்ந்து பழைய சிறுதானிய ரகங்களையும் விதை வங்கிகளையும் மீட்கும் வேலையைச் செய்தது. கரடியை மட்டும் படம் பிடித்து, இந்த விதைகளை விட்டுவிட்டால் அது கொல்லிமலைப் படமே ஆகாது.

கேமரா வந்தால் பயப்பட வேண்டுமா?

மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விதமான கவலை இருக்க நியாயம் உண்டு. ஒன்று, கூட்டம். வார இறுதியில் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஏற்கெனவே வண்டிகள் ஏறுகின்றன. ஒரு வீடியோ வைரல் ஆனால் கோயில் காட்டுக்குள்ளும் பிளாஸ்டிக் வந்துவிடும். இரண்டாவது, 'இங்கே இவ்வளவு விலங்கு இருக்கே' என்று சொல்லி நாளைக்கு நடமாட்டத்துக்கே கட்டுப்பாடு வருமோ என்ற பயம்.

இரண்டாவது கவலைக்குச் சட்டம் ஒரு பிடிமானம் தருகிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் உரிமையைப் பரிசீலிக்கும் முதல் இடம் கிராம சபைதான். முதல் கவலைக்குப் படம் எடுக்கிறவர்தான் பொறுப்பு. அரிய உயிரினம் இருக்கும் சரியான இடத்தைச் சொல்லாமல் விடுவது, ஊருக்கு முதலில் போட்டுக் காட்டுவது, முகம் காட்டுகிறவருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் தருவது ஆகியவை குறைந்தபட்ச ஒழுங்கு.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்து வீடியோ எடுப்பது, ட்ரோன் பறக்கவிடுவது வழக்கில் கொண்டுபோய் விடும். சரணாலயங்களில் படமெடுக்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

வாழவந்தி நாடு இப்போதே என்ன செய்யலாம்?

பெரிய கேமராவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2002-ம் ஆண்டு பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர் பதிவேடு தயாரிக்க வேண்டும். எந்த மரம், எந்தப் பறவை, எந்தப் பல்லி, எந்த விதை, எந்த மருந்துச் செடி என்று மக்களே சொல்லிப் பதிவு செய்யும் ஏடு இது. வயதானவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் செல்போனில் வீடியோவாக எடுத்தால், அந்த ஏட்டுக்கு அதுவே துணை ஆவணம்.

இப்படிப் பதிவு இருந்தால் என்ன பயன்? 2022-ல் மதுரை அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, எதிர்த்து நின்ற மக்களுக்கு அந்த அறிவிப்பு பெரிய வாதமாக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வெறும் 4.97 ஹெக்டேர் கோயில் காடு இரண்டாவது தலமானது. அங்கே புலியும் இல்லை, யானையும் இல்லை. ஊர் காப்பாற்றி வைத்த காடு என்பதே தகுதியாக இருந்தது.

கோயில் காடுகள் இருக்கும் கொல்லிமலைக்கும் இதே வழி திறந்துதான் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் பதிவேடு இருக்கிறதா, அதில் உங்கள் ஊர்க் கோயில் காடு ஏறியிருக்கிறதா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் நடக்கும் கிராம சபையில் இதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.