சாயம் பூசிய குஞ்சு வேண்டாமே!



தாம்பரம் மார்க்கெட் பக்கமும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், பள்ளி விடும் நேரத்தில் தெரு முனைகளிலும் அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பச்சை, ரோஸ், நீலம், ஆரஞ்சு என்று பஞ்சு உருண்டை போலக் கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டுக் கொண்டிருக்கும். விலையும் ஓர் ஐஸ்கிரீம் விலைதான். உடனே, "அம்மா, எனக்கு ஒண்ணு வாங்கிக் கொடும்மா!" என்று கையைப் பிடித்து இழுப்பீர்கள்.

எந்தக் கோழியும் பச்சைக் குஞ்சு பொரிப்பதில்லை. அது சாயம். அப்படியானால் இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன?

சத்துணவில் தரும் முட்டையும், கடையில் வாங்கும் முட்டையும் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருபவை. அங்கே வளரும் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அந்த இனக் குஞ்சுகள் பொரித்த முதல் நாளே ஆண், பெண் என்று பிரித்து விடுவார்கள். பெண் குஞ்சு முட்டைப் பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டை இடாது. கறிக்கோழி போல வேகமாகச் சதை பிடிக்கவும் செய்யாது. யாருக்கும் வேண்டாத அந்தக் குஞ்சுதான் சாயக் குளியலுக்குப் பிறகு தெருவுக்கு வருகிறது.

நான் பணியில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை என் ஐந்தாம் வகுப்பில் மூன்று பேர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மூவர் வீட்டிலும் குஞ்சு செத்துப் போயிருந்தது. "நான் அரிசி போட்டேனே டீச்சர், தண்ணிகூட வெச்சேனே!" என்று தேம்பினாள் ஒருத்தி.

அவள் மேல் தவறே இல்லை. முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்பு, மீதி மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். இயற்கை கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு அது! அதை வைத்துக் கொண்டு குஞ்சு இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் பெட்டியில் துள்ளித் திரிகிறது. நம் வீட்டுக்கு வரும்போது கட்டுச்சோறு தீர்ந்திருக்கும். அதோடு, முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் கதகதப்பு இரவு பகலாக வேண்டும். தாய்க்கோழி இறக்கைக்குள் அணைத்து அதைத் தருகிறது. பண்ணையில் பல்பு எரிய விடுவார்கள். நம் வீட்டிலோ டைல்ஸ் தரை, மேலே மின்விசிறி! பாவம், அது என்ன செய்யும்?

சரி, கோழியே வளர்க்கக் கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை! வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தரை இருந்தால், நான்கு நாட்டுக்கோழி வளர்ப்பதைப் போல நல்ல பாடம் வேறில்லை. ஆனால், அதை முறையாகச் செய்ய வேண்டும்.

ஒருநாள் குஞ்சை வாங்காதீர்கள். தடுப்பூசி போட்ட, இரண்டு மாதம் தாண்டிய பெட்டைகளை நம்பகமான பண்ணையில் வாங்கச் சொல்லுங்கள். ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். முட்டைக்காகச் சேவல் வைத்திருக்க வேண்டியதில்லை. சேவல் இல்லாமலேயே கோழி முட்டையிடும். பொரிப்பதற்குத்தான் சேவல் வேண்டும். விடியற்காலைக் கூவலால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தூக்கமும் கெடாது!

கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நம் பக்கத்து மழையை நம்ப முடியாது. பூனை, கீரி, தெருநாய் நுழையாதபடி கம்பிவலை அவசியம். அரிசிக் குருணை, கம்பு, கீரைத் தண்டு, மீந்த சோறு எல்லாம் தீனிதான். ஊசிப்போனதைப் போடக் கூடாது. முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து; அதற்காகக் கிளிஞ்சலைத் தூளாக்கி வையுங்கள். கூண்டைத் தினமும் சுத்தம் செய்து, எச்சத்தை மக்க வைத்துச் செடிக்குப் போடுங்கள். கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

நாட்டுக்கோழியின் பெரிய எதிரி வெள்ளைக்கழிச்சல். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். ராணிக்கெட் என்பது உத்தரகண்ட் மாநிலத்து மலை ஊர். இந்த நோய்க்கான தடுப்பு மருந்து நம் ராணிப்பேட்டையில், 1932-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனத்தில் தயாராகிறது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! நோய் வந்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கோழி திடீரென்று இறந்தால், வெறுங்கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

முறையாகக் கற்றுக்கொள்ள நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. காட்டாங்குளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறு, குழம்பிவிடாதீர்கள்! அங்கே நாட்டுக்கோழி வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறார்கள். விடுமுறையில் அப்பாவோடு போய் வாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டை இட்டால், நான்கு கோழிக்கு எத்தனை? 240. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டைக்குச் சற்று அதிகம். பெரிய லாபமெல்லாம் கிடையாது. ஆனால் தினமும் காலையில் கூண்டைத் திறந்துவிட்டு, மாலையில் எண்ணி அடைக்கும் பொறுப்பு கிடைக்கும். அதை எந்தப் பாடப் புத்தகம் தரும்?

வாங்கும் முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இடம் இருக்கிறதா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக் கொள்வார்கள்? பக்கத்து வீட்டாருக்குச் சம்மதமா? வயதாகி முட்டை நின்ற பிறகும் கோழி சில ஆண்டுகள் வாழுமே, அப்போது என்ன செய்வோம்? இவற்றுக்குப் பதில் இருந்தால் கூண்டு கட்டலாம். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். அதுவும் உயிரிடம் காட்டும் அன்புதான்.

அடுத்த முறை அந்த அட்டைப் பெட்டி எதிரே வந்தால், ஆசையாக இருந்தாலும் வாங்காமல் நடந்துவிடுங்கள். தோழர்களிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். வாங்கும் கைகள் குறைந்தால், விற்கும் பெட்டிகளும் குறையும். செய்வீர்கள்தானே?