பூ வேண்டாம், காப்பகம் வேண்டும்



நான் தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். கூடவே முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். காலை ஐந்துக்குக் குக்கர் விசில், ஏழரைக்குக் கல்லூரிப் பேருந்து, பத்து மாதக் குழந்தை தூங்கிய பிறகே ஆய்வேடு.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. எங்கள் கல்லூரியில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம், காப்பகம்தான் இல்லை. கேட்டால், “வீட்டில் மாமியார் இல்லையாம்மா?” என்கிறார்கள். அப்பாவான சக பேராசிரியர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

மகளிர் தினத்தன்று மட்டும் ரோஜாவும் கோலப் போட்டியும் தவறுவதில்லை. ஓர் அறை, ஓர் ஆயா, நாலு தொட்டில். உரிமையை அங்கிருந்து தொடங்கலாமே!

- வாசகி, திருச்சி