நிழலுக்கு அறிவு வேண்டாம்

ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும் எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டில், போன விடுமுறையில் தம்பியோடு 'த டாலோஸ் பிரின்சிபிள்' என்ற புதிர் விளையாட்டை ஆடினேன். குரோஷியாவின் குரோடீம் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. அதில் ஒரு பதிவுக் கருவி உண்டு. நாம் செய்வதைப் பதிந்தால், நம் பிரதி அதையே திரும்பச் செய்யும். பிரதி தரைப்பலகையை மிதித்து நிற்க, தடுப்பு விலகும்; நாம் உள்ளே போகலாம்.

தம்பி சில விநாடிகளே நின்று பதிந்தான். பிரதியும் அவ்வளவுதான் நின்றது. அவன் பாதி வழியில் இருக்கும்போதே தடுப்பு விழுந்துவிட்டது.

"நான் இன்னும் போகல்லையே, அதுக்குக் கண் தெரியாதா?" என்று கத்தினான்.

பிரதி நிலைமையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது அவன் கட்சி. நான் ஒப்பமாட்டேன். பிரதி தானாக யோசித்தால் புதிரை அவிழ்ப்பது யார்? அது இன்று காத்திருக்கும், நாளை போய்விடும் என்றால் எதை நம்பித் திட்டமிடுவது? 2008இல் வந்த 'பிரெய்ட்' விளையாட்டின் ஒரு பகுதியிலும், காலத்தைப் பின்னோட்டியதும் நாம் முன்பு செய்ததையே ஒரு நிழல் செய்யும்.

ஆனால் பிரதியின் வழியில் நாம் பெட்டியை வைத்துவிட்டால், அது பெட்டிக்குள்ளால் புகுந்து போகக் கூடாது. முட்டி நின்று பிழையைக் காட்ட வேண்டும். மீண்டும் பதிவது மட்டும் சுலபமாக இருக்கட்டும்.

பின்னால் நின்ற உம்மா, "ஒரு மணித்தியாலமா நிற்கிறதுக்கா பழகுறீங்க?" என்றார். உண்மைதான். நான்காம் முறை, தம்பி வாய்க்குள் இருபதுவரை எண்ணிக்கொண்டு பலகையில் நின்றான்.