சொல் புதிது: பறைசாற்றுதல்

பள்ளி விழா தொடங்கிப் பட்டிமன்றம் வரை, 'தமிழின் பெருமையைப் பறைசாற்றுவோம்' என்கிறோம்.

பறை என்றால் தோல்கருவி மட்டுமல்ல, 'சொல்' என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் சொல்வதுதான். சாற்றுதல், பலரறிய அறிவித்தல். பறையடித்து ஊருக்குச் சேதி சொன்னதுதான் பறைசாற்றுதல். தமுக்கு அடிப்பது, தண்டோரா போடுவது எல்லாம் இந்த வகைதான்.

ஆனால், அந்த வேலையைக் காலங்காலமாக ஒடுக்கப்பட்ட மக்கள் தலையிலேயே கட்டினோம். தண்டோராவை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கும்படி தமிழக அரசு சொன்னது 2022 ஆகஸ்டில்தான்!

சொல்லுக்கு மேடையில் இடம் கொடுத்தோம். பறையடித்தவரைத் தெருவிலேயே நிறுத்தினோம். அடுத்த முறை எதையாவது பறைசாற்றும்போது, அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.